சொரியாசிஸை வீட்டில் கவனிப்பது: எதை முதலில் செய்வது, எதை அப்புறம்

எனக்கு முழங்கைகளிலும் தலையிலும் சொரியாசிஸ் வந்து 14 வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு வரிசையில் உட்கார்ந்து புதிதாக வந்த எத்தனையோ பேரோடு பேசியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் பையில் ஒரே மாதிரி சாமான்கள்தான் இருக்கும்: பாதி தீர்ந்த மூன்று க்ரீம், யாரோ சொன்ன எண்ணெய், ஒரு பொட்டலம் பொடி, சித்தி வாங்கிக் கொடுத்த மூலிகை சோப்பு. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்திருப்பார்கள். எது கேட்டது, எது எரிந்தது என்று விசாரித்தால் சொல்லத் தெரியாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அடங்கும், சில சமயம் மாதக்கணக்கில் இருக்கிற இடமே தெரியாமல் போகும், ஆனால் வேரோடு போய்விடும் என்று யாராலும் உறுதி தர முடியாது. உடம்பின் எதிர்ப்பு சக்தி தவறாகத் தூண்டப்பட்டு, ஏறக்குறைய ஒரு மாதத்தில் மெதுவாக மேலே வந்து உதிர வேண்டிய தோல் செல்கள் சில நாளிலேயே மேலே வந்து குவிகின்றன; அதுதான் அந்த வெள்ளிச் செதில். ‘90 நாளில் நிரந்தர குணம்’ என்று பணம் கேட்பவரிடம் போகும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1. இது சொரியாசிஸ்தானா என்று உறுதி செய்யுங்கள்

படர்தாமரை, கரப்பான், பிடிவாதமான பொடுகு எல்லாமே பார்வைக்கு இதுபோல இருக்கலாம். படர்தாமரை பூஞ்சைத் தொற்று, அடுத்தவருக்கு ஒட்டும். சொரியாசிஸ் யாருக்கும் ஒட்டாது. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு (சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் மருந்து) தடவினால் முதல் நாலு நாள் அரிப்பு குறைந்த மாதிரி இருந்துவிட்டு அப்புறம் பரவும். சொரியாசிஸுக்குப் பூஞ்சை மருந்து தடவினால் மாதங்கள்தான் வீணாகும். ஆகவே ஒரு முறையாவது தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சின்னத் துண்டு தோல் எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

போகும்போது நகங்களையும் காட்டுங்கள். குண்டூசியால் குத்தியதுபோல் நகத்தில் சின்னச் சின்னப் பள்ளம் இருந்தால் மருத்துவருக்கு அது பெரிய துப்பு. நகப்பூச்சு போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

2. இப்போது உபயோகிப்பதை எல்லாம் எழுதுங்கள்

ஒரு தாளில் எல்லா களிம்பு, மாத்திரை, எண்ணெய், பொடி, லேகியம் பெயரையும் எழுதுங்கள். பெயர் இல்லாத பொட்டலம் என்றால் ‘பெயர் தெரியாது’ என்றே எழுதுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம், ஏனென்றால் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

முதல் ஆபத்து ஸ்டீராய்டு. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கேட்டால், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூப் ஒன்றை எடுத்து நீட்டிவிடுவது நம் ஊரில் சகஜம். எனக்கும் முதல் வருடம் அதுதான் கிடைத்தது. பத்தே நாளில் தோல் பளபளவென்று ஆனது, நிறுத்தியதும் முன்பு இருந்ததைவிடப் பெரிதாக வந்தது, மறுபடி அதே ட்யூப், இப்படியே எட்டு மாதம். முழங்கைத் தோல் காகிதம்போல மெலிந்தபிறகுதான் புரிந்தது. வீரியமான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் தடவியவர், அதிலும் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்தவர், சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உடம்பு முழுக்கச் சிவந்தோ சீழ்க்கொப்புளமாகவோ வெடிக்கலாம். படிப்படியாகக் குறைக்க மருத்துவர் சொல்வார். பெயரில்லாத பொடி ‘அற்புதமாக’க் கேட்கிறது என்றால் அதிலும் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு, மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இரண்டாவது, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. இதை சொரியாசிஸுக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் கொடுப்பார்கள். தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். இந்த மாத்திரை கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் அதோடு சாராயமும் கூடாது, மருத்துவருக்குத் தெரியாமல் கஷாயம், சூரணம் எதுவும் சேர்க்கவும் கூடாது. கர்ப்பமாக இருப்பவரும் குழந்தைக்குத் திட்டமிடுபவரும் இந்த மாத்திரை பக்கமே போகக் கூடாது, மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, வேறு நோய்க்கான மாத்திரைகள். ப்ரோப்ரனோலால் மாதிரியான பீட்டா பிளாக்கர்கள் (ரத்த அழுத்தம், இதயத்துக்குக் கொடுப்பது), லித்தியம் (மனநலத்துக்கு), குளோரோகுயின் (மலேரியாவுக்கு) ஆகியவை சிலருக்கு சொரியாசிஸைக் கிளப்பிவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள், அவ்வளவுதான்.

3. அளவு எடுத்து போட்டோ பிடியுங்கள்

விரல்களோடு சேர்த்த உங்கள் உள்ளங்கை, உங்கள் உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். திட்டுகள் எத்தனை உள்ளங்கை என்று எண்ணுங்கள். மூன்று, நாலு உள்ளங்கைக்குள் என்றால் பூச்சும் பராமரிப்புமே பலருக்குப் போதும். பத்தைத் தாண்டினாலோ, முகம், உள்ளங்கை, உள்ளங்கால், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வந்திருந்தாலோ வீட்டு வைத்தியத்தை மட்டும் நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

வாரம் ஒரு நாள், அதே ஜன்னல், அதே நேரம், போட்டோ. தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. நாலு வாரம் கழித்து வரிசையாகப் பார்த்தால் ‘ஒன்றுமே ஆகவில்லை’ என்று நினைத்ததில் ஓரம் தட்டையாகியிருப்பது தெரியும்.

4. குளியலை மாற்றுங்கள்

நன்றாகச் சுடச்சுட ஊற்றினால் அரிப்புக்கு அப்போது இதமாக இருக்கும். ஆனால் அந்த வெந்நீர் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையை எடுத்துக்கொண்டு போய்விடுவதால் அரை மணியில் இரண்டு மடங்கு அரிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடத்துக்குள் குளியல், போதும். வாசனை சோப்பைத் தள்ளி வையுங்கள். அக்குள், தொடையிடுக்கு, பாதம் தவிர மற்ற இடத்துக்குத் தினமும் சோப்பு தேவையே இல்லை.

பீர்க்கங்காய் நார், பிளாஸ்டிக் நார், தேய்க்கும் கல் மூன்றும் வேண்டாம். காரணம் 9-ஆம் படியில் வரும். கடலை மாவு, பயத்த மாவு, நலங்கு மாவு தேய்ப்பவர்களும் கவனிக்க: தேய்க்கிற கை கொஞ்சம் அழுத்தினால் மாவும் உப்புத்தாளாகிவிடும், அதோடு தோலையும் உலர்த்தும். வேண்டுமானால் நைசாக அரைத்த ஓட்ஸை ஒரு கைப்பிடி மெல்லிய துணியில் கட்டி வாளித் தண்ணீரில் பிழிந்து, அந்தப் பால்போன்ற தண்ணீரைக் கடைசியாக ஊற்றிக்கொள்ளலாம். எனக்கு இது போர் தண்ணீரின் வறட்சியை நன்றாகவே குறைத்தது.

5. துடைத்த மூன்று நிமிடத்துக்குள் பூசுங்கள்

இந்த முழு வழிகாட்டியிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். துண்டால் ஒற்றி எடுத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே குளியலறைக்குள்ளேயே நின்று வாசலின் மாதிரியான பூச்சைப் பூச வேண்டும். உள்ளே போன தண்ணீரை அந்தப் பிசுக்கு மூடி வைக்கும். தோல் காய்ந்தபிறகு பூசினால் மூடுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. புதியவர்கள் சாமி கும்பிட்டு, டிபன் முடித்து, அப்புறம் பூசுகிறார்கள். பிறகு வாசலின் கேட்கவில்லை என்கிறார்கள்.

எதைப் பூசுவது? வாசனை சேர்க்காத வெள்ளை வாசலின் நன்றாக மூடும், விலையும் குறைவு. வேர்க்கும் சித்திரை, வைகாசியில் பகலில் அது பிசுபிசுத்து வேர்க்குருவைக் கிளப்பினால் பகலுக்குத் தேங்காய் எண்ணெய், ராத்திரிக்கு வாசலின் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது பூச வேண்டும். தேய்க்காமல் முடி வளரும் திசையில் நீவி விடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. எண்ணெயும் வாசலினும் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், துவைத்தாலும் பிசுக்கு முழுசாகப் போகாது. அடுப்பு முன்னால் நிற்பவர்கள், விளக்கு ஏற்றுபவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள் பிசுக்கு படிந்த சேலை முந்தானை, லுங்கி, தலையணை உறை விஷயத்தில் ஜாக்கிரதையாக இருங்கள்.

6. செதிலை ஊற வைத்து எடுங்கள், பிய்க்காதீர்கள்

பிய்த்தால் அடியில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும். அங்கே ரத்தக் குழாய்கள் தோலின் மேல்மட்டத்துக்கு மிக அருகில் இருப்பதுதான் காரணம். ஆனால் தடித்த செதிலின் மேலே மருந்து பூசினாலும் அது உள்ளே இறங்காது. அதனால் முதலில் இளக்க வேண்டும்: ராத்திரி கெட்டியாக வாசலின் பூசி, மேலே பழைய பருத்தித் துணி சுற்றிப் படுத்து, காலையில் குளிக்கும்போது மெல்லிய துணியால் வருடினால் தானாக வருவதை மட்டும் எடுக்க வேண்டும். வராததை விட்டுவிடுங்கள், நாளைக்கு வரும்.

ரொம்பத் தடிப்பாக இருந்தால் மருத்துவர் சாலிசிலிக் ஆசிட் கலந்த களிம்பு தருவார். அது செதில் உள்ள இடத்துக்கு மட்டும். உடம்பு முழுக்கவும் குழந்தைகளுக்கும் நாமாகப் பூசக் கூடாது. கால்சிபோட்ரியால் (வைட்டமின் டி வகை மருந்து) களிம்பும் சேர்த்துக் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பூசாதீர்கள், சாலிசிலிக் ஆசிட் அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

7. தலைக்குத் தனி வரிசை

தலையில் இருப்பதைப் பொடுகு என்று நினைத்து வருடக்கணக்கில் எலுமிச்சம்பழமும் சின்ன வெங்காயமும் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பொடுகு பெரும்பாலும் முடிக்குள்ளேயே நிற்கும். சொரியாசிஸ் முடியோரத்தைத் தாண்டி நெற்றிக்கும் காதுக்குப் பின்னாலும் இறங்கும், விரலால் தொட்டாலே திட்டு தடிப்பாகத் தெரியும்.

வாரத்தில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயை முடிக்கு இல்லாமல், வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் படும்படி பஞ்சால் ஒற்றுங்கள். பழைய துணியால் தலையைக் கட்டிப் படுங்கள். காலையில் பல் அகலமான சீப்பைத் தோலோடு சாய்வாகப் பிடித்து மெதுவாக வாருங்கள். ஈருளி, பேன் சீப்பு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஷாம்பூ. தார் ஷாம்பூ (நிலக்கரித் தார் கலந்தது) கொடுத்திருந்தால் அதை முடிக்குப் போட்டு உடனே அலசுவதில் பிரயோஜனம் இல்லை. தோலில் ஐந்து, பத்து நிமிடம் நிற்க வேண்டும், அதன்பிறகுதான் அலச வேண்டும். தார் வாசனை அடிக்கும், வெள்ளைத் துண்டில் கறை விழும், அன்றைக்கு வெயில் பட்டால் தோல் சீக்கிரம் பொசுங்கும். எண்ணெயை மூன்று, நாலு நாள் அலசாமல் தலையிலேயே ஊற விடுவதும் தப்பு, சிலருக்கு அது பொடுகையும் சேர்த்து வளர்த்துவிடும். சீயக்காய், அரப்பு எரிச்சல் தந்தால் நிறுத்திவிடுங்கள், பாட்டி காலத்தில் இருந்து தேய்ப்பது என்பதற்காகத் தொடர வேண்டியதில்லை.

8. மருந்துக் களிம்பை அளந்து பூசுங்கள், வீட்டு வைத்தியத்தை ஒவ்வொன்றாகச் சேருங்கள்

ஆள்காட்டி விரல் நுனியில் இருந்து முதல் கோடு வரை பிதுக்கிய களிம்பு, இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும். மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் ஸ்டீராய்டைத் தொடர வேண்டாம், முழங்கைக்குக் கொடுத்ததை முகத்துக்கோ தொடையிடுக்குக்கோ பூச வேண்டாம், அங்கே தோல் மெல்லியது. வாசலினுக்கும் மருந்துக்கும் இடையே அரை மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் ஒன்று இன்னொன்றை நீர்க்கச் செய்து, மருந்து படக் கூடாத இடத்துக்கும் வழுக்கிப் போகும்.

நாலு வாரம் இப்படி ஓடியபிறகுதான் வீட்டு வைத்தியம். ஒரு நேரத்தில் ஒன்று. முதலில் முன்கையின் உள்பக்கம், நல்ல தோலில், ஒரு ரூபாய் அளவுக்கு மூன்று நாள் பூசிப் பாருங்கள். சிவக்கவில்லை என்றால் ஒரே ஒரு திட்டில் நாலு வாரம். பக்கத்தில் இருக்கும் இன்னொரு திட்டை வாசலினோடு மட்டும் விட்டு வையுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும்.

வெட்பாலைத் தைலம்: சித்த மருத்துவத்தில் இந்த நோய்க்கு, அவர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள், பெயர் பெற்றது. துடைத்து நிழலில் ஈரம் மட்டும் உலர்ந்த, பச்சையான வெட்பாலை இலைகளைக் கிள்ளி கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். எண்ணெய் கருநீலமாக, ஊதாவாக மாறும். வடிகட்டிக்கொள்ளலாம். புதியவர்கள் செய்வது இரண்டு தப்பு: இலையைக் கழுவி ஈரத்தோடு போடுவது, அது பூஞ்சை பிடிக்கும்; பாலை என்று பெயர் வருகிற வேறு மரத்து இலையைப் பறிப்பது. நிறம் மாறவில்லை என்றால் அந்த எண்ணெயைப் பூச வேண்டாம். அடையாளம் தெரியாவிட்டால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ அரசு சித்த மருத்துவமனையிலோ காட்டிக் கேளுங்கள். எனக்கு இது செதிலையும் அரிப்பையும் குறைத்தது, சிவப்பைப் பெரிதாகக் குறைக்கவில்லை. தலையணை உறை மட்டும் ஊதாவாகிவிட்டது.

சோற்றுக் கற்றாழை: மடலை வெட்டி நிமிர்த்தி வைத்து, வடிகிற மஞ்சள் பாலை முழுக்கப் போக விட்டு, கழுவி, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் பூசுங்கள். அந்தப் பால் பட்டால்தான் பலருக்கு அரிக்கிறது. குளிர்ச்சியாக இருக்கும், காய்ந்ததும் இழுக்கும் என்பதால் மேலே எண்ணெய் தேவை.

மஞ்சளை எண்ணெயில் குழைத்துத்தான் பூச வேண்டும், தண்ணீரில் குழைத்தால் உலர்த்திவிடும். பூண்டு, எலுமிச்சை, வினிகர், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் திட்டில் வைக்காதீர்கள். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டியதில் கொப்புளம் வந்து, அந்தக் கொப்புளம் ஆறிய இடத்திலேயே புதிய திட்டு வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

9. உராய்வையும் காயத்தையும் குறையுங்கள்

நல்ல தோலில் கீறல், சூடு, தொடர் உராய்வு பட்டால் சில வாரத்தில் அதே கோட்டில் சொரியாசிஸ் வரலாம். கோப்னர் விளைவு என்பார்கள். நார் வேண்டாம், பிய்க்க வேண்டாம், பூண்டு வேண்டாம் என்றதெல்லாம் இதனால்தான்.

உங்கள் உடம்பில் எங்கே எது உரசுகிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, பெல்ட், மேஜையில் ஊன்றும் முழங்கை, சம்மணம் போடும்போது தரையில் படும் கணுக்கால். நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக், மேஜையில் மடித்த துண்டு, கீழே தடித்த பாய் என்று மாற்றினாலே சில திட்டுகள் அமைதியாகும். பாத்திரம் தேய்க்கும்போது கையுறை போடுங்கள், உள்ளே பருத்திக் கையுறை இருந்தால் நல்லது. பச்சை குத்துவதைத் தவிர்த்துவிடுங்கள்.

10. வெயில்

புற ஊதா பி கதிர் இந்தத் திட்டுகளை அடக்கும், அதனால்தான் மருத்துவமனையில் 311 நானோமீட்டர் விளக்குச் சிகிச்சை கொடுக்கிறார்கள். காலை ஆறரை மணி இளவெயிலில் உட்கார்ந்துவிட்டுப் பலனில்லை என்பவர்கள் அதிகம். அந்த நேரத்து வெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு. ஒன்பது, ஒன்பதரைக்கு, திட்டு மட்டும் வெயிலில் படும்படி, ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள், பதினைந்தைத் தாண்ட வேண்டாம். மறுநாள் தோல் சிவந்திருந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். பொசுங்கிய தோலும் காயம்தான், 9-ஆம் படி ஞாபகம் இருக்கட்டும். தார் மருந்து பூசிய நாளிலும், வெயில் ஒவ்வாத மாத்திரை சாப்பிடும்போதும் இது வேண்டாம்.

11. சாப்பாடு, சிகரெட், மனசு

கத்தரிக்காய், கருவாடு, கோழி என்று நீளமான பத்தியப் பட்டியல் கிடைக்கும். எல்லாருக்கும் பொதுவாக ஆகாத காய் என்று ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை. சந்தேகப்படும் ஒன்றை ஒரு மாதம் நிறுத்தி, மறுபடி சாப்பிட்டு, போட்டோவில் பாருங்கள். ஐந்தாறை ஒன்றாக நிறுத்தி உடம்பை வாட வைக்காதீர்கள். உடம்பு எடை அதிகம் உள்ளவர்கள் எடை குறைத்தால் திட்டும் குறைகிறது, மருந்தும் நன்றாகக் கேட்கிறது. சிகரெட்டும் குடியும் கிளப்பிவிடும், இதில் சந்தேகம் இல்லை.

தொண்டை வலி, காய்ச்சலுக்குப் பிறகு உடம்பெங்கும் மழைத்துளி மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் வந்தால், அது தொண்டைத் தொற்றால் தூண்டப்பட்டதாக இருக்கலாம், காட்டுங்கள்.

மனசு உடைந்தால் தோலும் உடைகிறது, தோல் உடைந்தால் மனசும். சலூனில் ‘இது ஒட்டாதே?’ என்று தயங்குவார்கள், கல்யாண வீட்டில் அரைக்கை சட்டையை மாற்றச் சொல்வார்கள். நான் இப்போது முதலிலேயே, ‘இது சொரியாசிஸ், ஒட்டாது, சீப்பை மட்டும் மெதுவாகப் பிடியுங்கள்’ என்று சொல்லிவிடுகிறேன், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வரன் பார்க்கும்போதும் மறைக்காமல் சொல்வதே நல்லது. பல நாள் தூக்கம் இல்லை, வெளியே போகவே பிடிக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அதையும் தோல் மருத்துவரிடமே சொல்லுங்கள், அதுவும் இந்த நோயின் பகுதிதான்.

12. எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஓட வேண்டும்

உடம்பின் பெரும்பகுதி சிவந்து சூடாகி, குளிர் நடுக்கம் வந்தால் அன்றே, ராத்திரியானாலும், மருத்துவமனை. காய்ச்சலோடு சீழ்க்கொப்புளங்கள் வந்தாலும் அப்படியே. திட்டு வீங்கி, வலித்து, மஞ்சள் நீர் வடிந்தால் தொற்று, மறுநாளைத் தாண்ட விடாதீர்கள்.

காலையில் எழுந்ததும் விரல், முதுகு அரை மணிக்கு மேல் விறைப்பாக இருப்பது, ஒரே ஒரு விரல் முழுக்க வீங்கி உருண்டு போவது, குதிகால் வலி, இவை மூட்டுக்குப் போய்விட்டது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு இது வருகிறது, தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும். ‘வயசாச்சு, வாயு’ என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்து இரண்டு வருடத்தைத் தொலைத்தவர்களை அதே வரிசையில் பார்த்திருக்கிறேன். அந்த வாரமே மூட்டு மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், 2-ஆம் படியில் எழுதிய தாளையும் போட்டோக்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.